டால்ஸ்டாயின் தபால் கட்டும் அழைப்பிதழ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அதற்கப்புறம் முப்பது வருடம் இந்த மனிதர் என்ன செய்தார்?" நிறையச் செய்தார். அதில் அதிகம் பேசப்படாதது, அவர் தினமும் தபாலோடு செலவழித்த நேரம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எழுதியவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல முயன்றவர், பெரிய சபைகளிலிருந்து வந்த அழைப்புகளை மட்டும் தொடர்ந்து மறுத்துக்கொண்டே வந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடைசிக்கால டால்ஸ்டாய் பிடிபடுவார் என்பது என் எண்ணம்.

கடைசிக் காலத்தில் அவர் கதை எழுதுவதையே விட்டுவிட்டாரா?

இல்லை. 'புத்துயிர்ப்பு' 1899இல் வந்தது. 'ஹாஜி முராத்' அவர் இறந்த பிறகுதான் அச்சேறியது. கட்டுரைகளும் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் 1900க்குப் பிறகு அவருடைய நாளில் கடிதம் பிடித்த இடம் மிகப் பெரியது. அதை 'எழுத்துக்கு இடையே வந்த தொந்தரவு' என்று சில வாழ்க்கை வரலாறுகள் ஓரம்கட்டிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் தெரியாத ஒரு சிப்பாய்க்கோ பள்ளி மாணவனுக்கோ எழுதிய ஒரு பக்கத்தில், அவருடைய நீண்ட கட்டுரைகளில் கிடைக்காத தெளிவு பல முறை கிடைக்கிறது.

மொத்தம் எத்தனை கடிதங்கள்?

அவருக்கு வந்தவற்றில் 50,000க்கு மேல் மாஸ்கோவிலுள்ள டால்ஸ்டாய் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் எழுதியவை ஏறத்தாழ 10,000. ரஷ்யாவில் 1928இலிருந்து 1958 வரை வெளியான அவருடைய முழுத் தொகுப்பு 90 தொகுதிகள். அதில் 59ஆம் தொகுதியிலிருந்து 89 வரை, அதாவது 31 தொகுதிகள், கடிதங்கள் மட்டுமே. மனைவிக்கு எழுதியவை இரண்டு தொகுதி, நண்பர் செர்த்கோவுக்கு எழுதியவை ஐந்து தொகுதி. முழுத் தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு கடிதம் என்றால் அதன் கனத்தை யோசித்துப் பாருங்கள்.

அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்? தபால் எந்த நேரத்தில்?

வீடு யாஸ்னயா போல்யானாவில். மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர், தூலா நகரத்துக்குப் பக்கம். காலையில் எழுந்ததும் தனியாக ஒரு நடை. திரும்பி வரும்போதே வாசலில் ஆட்கள் நிற்பார்கள்: உதவி கேட்கும் விவசாயிகள், வழிப்போக்கர்கள், ஏதோ ஒரு சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வெகுதூரம் பயணம் செய்து வந்த இளைஞர்கள். வீட்டு முன்னால் இருந்த பழைய எல்ம் மரத்துக்கு 'ஏழைகளின் மரம்' என்றே பெயர். அவர்களிடம் பேசிவிட்டு மேலே போய், காபியோடு தபாலைப் பார்ப்பார். அதன்பின் மதியம் வரை எழுத்து வேலை. அந்த நேரத்தில் யாரும் அறைக்குள் போகக் கூடாது. பிற்பகலில் குதிரைச் சவாரி, கொஞ்சம் தூக்கம், மாலை ஆறு மணிவாக்கில் சாப்பாடு. அப்புறம் சதுரங்கம், இசை, சத்தமாகப் படிப்பது, விருந்தாளிகளோடு பேச்சு.

எண்பது வயதிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். உடம்புக்கு முடியாத நாட்களிலும் தபாலைக் கேட்பார்.

எல்லாவற்றையும் அவரே படித்தாரா? எல்லோருக்கும் பதில் போனதா?

முடிந்தவரை அவரே படித்தார். எல்லாவற்றுக்கும் பதில் எழுத ஒரு மனிதரால் முடியாது. அதற்கு வீட்டில் ஒரு முறை உருவாகியிருந்தது.

படித்து முடித்ததும் உறையின் மேலேயே ஒரு குறிப்பு எழுதுவார். 'பதில் இல்லை' என்பதற்கு இரண்டு எழுத்துச் சுருக்கம். வேறு சிலவற்றில், யார் பதில் எழுத வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எந்தப் புத்தகத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று இருக்கும். மனசைத் தொட்டவற்றைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார். முன்பு மகள்கள் தத்யானாவும் மரியாவும் உதவினார்கள். மரியா 1906இல் இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் இளைய மகள் அலெக்ஸாந்த்ரா தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தார். அந்த இயந்திரத்தின் பெயரால் அந்த அறையை ரெமிங்டன் அறை என்றே வீட்டில் சொல்வார்கள். குடும்ப மருத்துவராக இருந்த ஸ்லோவாக்கியர் மக்கோவிட்ஸ்கியும் கைகொடுத்தார். 1907இலிருந்து நிகொலாய் கூசெவ், 1910 ஜனவரியிலிருந்து வாலந்தீன் புல்ககோவ் ஆகியோர் செயலாளர்கள். (நாவலாசிரியர் புல்ககோவ் வேறு, இவர் வேறு.)

புல்ககோவுக்கு அப்போது 23 வயது. அவர் பதிலை எழுதிக்கொண்டுவந்து காட்டுவார். டால்ஸ்டாய் படித்துவிட்டுப் பல சமயம் அடியில் தன் கையால் இரண்டு வரி சேர்ப்பார். எங்கோ ஒரு சின்ன ஊரில் அந்த உறையைப் பிரித்தவருக்கு அந்த இரண்டு வரி என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

போகும் கடிதங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. மை காயாத தாளை ஈரமான மெல்லிய தாளோடு அழுத்திப் பிரதி எடுக்கும் பழைய முறை அது. இவ்வளவு கடிதங்கள் நமக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த மொழியில் எழுதினார்?

ரஷ்ய மொழியில் அதிகம். பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் மொழிகளிலும் எழுதுவார். 1887இல் பாரிஸில் 21 வயது மாணவராக இருந்த ரொமேன் ரோலானுக்குக் கலையைப் பற்றி பிரெஞ்சில் மிக நீண்ட பதில் எழுதினார். 'அன்புச் சகோதரரே' என்று தொடங்கும் கடிதம். ரோலான் அப்போது யாருக்கும் தெரியாதவர். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் முன்பின் தெரியாத மாணவனுக்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியதை ரோலான் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

அப்படி என்னதான் கேட்டு எழுதினார்கள்?

கடவுள் இருக்கிறாரா, எப்படி வாழ்வது, திருமணம் செய்துகொள்ளலாமா, ராணுவத்தில் சேர மறுத்தால் சிறை என்கிறார்களே என்ன செய்வது, எல்லாமே வரும். சிறையிலிருந்தே எழுதுவார்கள். தன் கவிதையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்பவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பதில் போகவில்லை. கவிதை எழுதுவதையே அவர் அந்த வயதில் ஊக்குவிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் கொஞ்சம் கடுமையாகவே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனதை உலுக்குபவை தற்கொலை எண்ணத்தோடு இளைஞர்கள் எழுதியவை. 1905 புரட்சி தோற்றபின் ரஷ்யாவில் அப்படிப்பட்ட கடிதங்கள் அதிகமாயின. அவர் அவற்றைத் தள்ளி வைக்கவில்லை. பதில் எழுதினார். 1910இல் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கியதற்கு அந்தக் கடிதங்கள்தான் தூண்டுதல்.

பணம் கேட்டு வந்த கடிதங்களை என்ன செய்தார்?

இது அவரை மிகவும் வாட்டிய விஷயம். 1881க்குப் பிந்தைய எழுத்துகளுக்குக் காப்புரிமை வேண்டாம் என்று 1891இல் அறிவித்துவிட்டார். கொஞ்ச நாளில் சொத்தையும் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் ஊர் உலகத்துக்கு அவர் இன்னும் 'பிரபு டால்ஸ்டாய்'தான். கடன், கல்லூரிக் கட்டணம், மகள் கல்யாணம் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1907இல் அவர் பத்திரிகைகளுக்கே ஒரு கடிதம் அனுப்பினார்: என்னிடம் சொத்து இல்லை, பண உதவி கேட்டு எழுத வேண்டாம். அப்படியும் நிற்கவில்லை. அரண்மனை மாதிரி வீட்டில் இருந்துகொண்டு 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கே கூச்சமாக இருந்தது. நாட்குறிப்பில் அந்த வெட்கம் திரும்பத் திரும்ப வருகிறது.

திட்டி எழுதியவர்களும் இருந்தார்களா?

நிறைய. 1901 பிப்ரவரியில் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்ததும் இரண்டு விதமாகவும் கொட்டியது. ஒரு பக்கம் சாபம். இன்னொரு பக்கம், மால்ட்சேவ் கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பச்சை நிறக் கண்ணாடிப் பாறை ஒன்றில் அன்பான வாசகங்களைப் பொறித்து அனுப்பினார்கள். அது இன்றும் யாஸ்னயா போல்யானாவில் இருக்கிறது.

1908இல் தூக்குத் தண்டனைகளை எதிர்த்து 'என்னால் மௌனமாக இருக்க முடியாது' என்று எழுதினார். தூக்கிலிடப்பட்ட விவசாயிகளைப் போல என் கிழட்டுக் கழுத்திலும் கயிற்றை மாட்டுங்கள் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த ஆண்டு அவருக்கு வந்த பார்சல்களில் ஒன்றில் நிஜமாகவே ஒரு கயிறு இருந்தது. அனுப்பியவர் 'ஒரு ரஷ்யத் தாய்' என்று கையெழுத்திட்டிருந்தார்.

பதில் எழுதியதால் யாருக்காவது ஆபத்து வந்ததா?

வந்தது, அவருக்கு அல்ல. உலகம் முழுக்கத் தெரிந்த கிழவரைக் கைது செய்ய அரசுக்குத் துணிச்சல் இல்லை. பதிலோடு தடை செய்யப்பட்ட சிறு நூல்களை அஞ்சலில் அனுப்பிவந்த செயலாளர் கூசெவை 1909 ஆகஸ்டில் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பெர்ம் மாகாணத்துக்கு இரண்டு ஆண்டு நாடுகடத்தல். "எழுதியது நான், என்னைப் பிடியுங்கள்" என்று டால்ஸ்டாய் பல முறை அரசிடம் சொல்லிப் பார்த்தவர். தன் சார்பில் இளைஞர்கள் தண்டனை அனுபவிப்பது அவருக்கு ஆறாத வலி.

விருந்து, விழா அழைப்புகளை ஏன் மறுத்தார்? சுபாவமே அப்படியா?

சுபாவம் என்று சொல்ல முடியாது. இளம் வயதில் சூதாட்டம், நடனம், விருந்து எல்லாவற்றிலும் திளைத்தவர். 1880 வாக்கில்தான் மாற்றம். அந்த ஆண்டு மாஸ்கோவில் புஷ்கின் சிலைத் திறப்பு விழா. துர்கனேவ் நேரில் வந்து அழைத்தார். டால்ஸ்டாய் வரமாட்டேன் என்றுவிட்டார். தஸ்தயேவ்ஸ்கி உரையாற்றி அரங்கமே கலங்கிய விழா அது.

மக்கள் பசியில் இருக்கும்போது எழுத்தாளனுக்குச் சிலையும் விருந்தும் எதற்கு என்பது அவர் கேள்வி. வயதான பிறகு கூட்டமே பயமாகவும் ஆகிவிட்டது. 1909 செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது கூர்ஸ்க் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு நெருக்கியடித்தார்கள். அன்று மாலையே மயங்கி விழுந்தார்.

நோபல் பரிசை மறுத்தார் என்பது உண்மையா?

அவருக்கு அது கொடுக்கப்படவே இல்லை, ஆகவே மறுத்தார் என்பது சரியல்ல. 1901இல் முதல் இலக்கிய நோபல் பிரெஞ்சுக் கவிஞர் சுல்லி ப்ருதோமுக்குப் போனது. ஸ்வீடன் எழுத்தாளர்களும் கலைஞர்களும் 42 பேர் கையெழுத்திட்டு டால்ஸ்டாய்க்கு வருத்தக் கடிதம் அனுப்பினார்கள். பரிசு கிடைக்காதது நல்லதே, அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற சங்கடம் தப்பியது என்று அவர் நன்றியோடு பதில் எழுதினார். 1906இல் மறுபடி பேச்சு எழுந்ததும் ஃபின்லாந்து எழுத்தாளர் ஆர்வித் யார்னஃபெல்ட்டுக்கு எழுதி, எனக்குத் தராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

80ஆவது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடினார்கள்?

1908 ஆகஸ்ட். அதற்குப் பல மாதம் முன்பே பீட்டர்ஸ்பர்க்கில் விழாக் குழு அமைத்து, நாடு முழுக்கக் கிளைகள் தொடங்கிவிட்டார்கள். திருச்சபைப் பற்றுள்ள ஒரு மூதாட்டி, அவருடைய பழைய குடும்ப நண்பர், இந்தக் கொண்டாட்டம் பக்தர்களின் மனதைப் புண்படுத்தும் என்று எழுதினார். அந்தக் கடிதம் டால்ஸ்டாயை உண்மையாகவே தொட்டது. குழுவின் செயலாளர் ஸ்தஹோவிச்சுக்கு எழுதி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள்.

பிறந்தநாளன்று காலில் நோவு, சக்கர நாற்காலியில்தான் இருந்தார். விழா இல்லாவிட்டாலும் சுமார் 2,000 தந்திகள் வந்தன. பீட்டர்ஸ்பர்க் நாடக அரங்கு ஒன்றில் பரிமாறும் ஊழியர்கள் சேர்ந்து, அவருடைய வாசகங்களைப் பொறித்து ஒரு சமோவார் (தேநீருக்கு வெந்நீர் போடும் ரஷ்யப் பாத்திரம்) அனுப்பினார்கள். எடிசன் அதே ஆண்டு தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். அதில் கடிதங்களைப் பேசிப் பதிவு செய்து பார்த்தார். அவர் குரல் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது அப்படித்தான்.

ஒரு அழைப்பைக்கூட ஏற்கவில்லையா?

ஒன்றை ஏற்றார். 1909இல் ஸ்டாக்ஹோம் அமைதி மாநாட்டுக்கு அழைப்பு வந்ததும், 80 வயதில், போவது என்று முடிவு செய்தார். உரையும் எழுதிவிட்டார். படை என்பதே கொலைக்கான ஏற்பாடு என்று நேருக்கு நேர் சொல்லும் உரை. மனைவி சோஃபியா பயணத்தைக் கடுமையாக எதிர்த்தார், வீட்டில் பெரும் போராட்டம். கடைசியில் ஸ்வீடனில் நடந்த பொது வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி மாநாட்டையே தள்ளிவைத்துவிட்டார்கள். தன் புகழுக்கான மேடை வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொல்லும் மேடை வேண்டும் என்ற அவருடைய கணக்கு இதில் தெரிகிறது.

வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாமா?

கிட்டத்தட்ட. கவிஞர் ரில்கே வந்தார். 1903இல் அமெரிக்க அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். 1906இல் ஜப்பானிய எழுத்தாளர் தொகுதோமி ரோகா வந்தார். 1910இல், பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக் வந்தார். இவர்களோடு ஊர்பேர் தெரியாதவர்களும் அதே மேசையில் உட்கார்ந்தார்கள்.

இங்கே சோஃபியாவின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திறந்த வீடு என்பது கேட்க அழகு. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு, படுக்கை ஏற்பாடு செய்தது அவர். சைவம் ஒரு பக்கம், அசைவம் ஒரு பக்கம் என்று சமைக்க வைத்தது அவர். 13 பிள்ளைகள் பெற்று, கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர். கணவரைச் சுற்றி மொய்த்த சீடர்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அவரை வெறும் சண்டைக்காரியாகக் காட்டும் புத்தகங்கள் எனக்கு ஒப்பவில்லை.

காந்திக்கு எழுதிய கடிதங்களில் திருக்குறள் வருகிறதாமே?

குறள் வருவது காந்திக்கு எழுதியதில் அல்ல, அதற்கு முந்தைய கடிதத்தில். வட அமெரிக்காவில் இருந்த வங்காளப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸ் 1908 மே மாதம் டால்ஸ்டாய்க்கு எழுதினார். பதில் முடிந்தது டிசம்பர் 14இல். அடித்தும் திருத்தியும் ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். அதுதான் 'ஓர் இந்துவுக்கு எழுதிய கடிதம்'. ஒரு வணிகக் கம்பெனி 20 கோடி மக்களை எப்படி அடிமைப்படுத்த முடிந்தது என்று கேட்டு, அடிமைப்பட்டவர்கள் ஒத்துழைத்ததால்தான் முடிந்தது என்று வாதிடுகிறார். நடுவே 'குறள்' என்று பெயர் சொல்லி இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து எடுத்துத் தருகிறார்.

*இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண*
*நன்னயஞ் செய்து விடல்*

என்ற குறளும் அவற்றில் ஒன்று. யாஸ்னயா போல்யானாவில் எழுதிய கடிதத்தில் வள்ளுவர்!

இந்தக் கடிதத்தின் பிரதி காந்தி கைக்கு வந்தது. 1909 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனிலிருந்து முதல் கடிதம் எழுதினார்: இது உங்களுடையதுதானா, 20,000 பிரதி அச்சிடலாமா? தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த ஓர் இந்தியரிடமிருந்து இனிமையான ஒரு கடிதம் வந்ததாக டால்ஸ்டாய் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, உடனே பதிலும் எழுதினார். காந்தி கப்பலில் திரும்பும்போது அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியின் நண்பர் கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே தங்கியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். சிறைக்குப் போனவர்களின் மனைவி மக்கள் அங்கே இருந்தார்கள்.

1910 செப்டம்பர் 7ஆம் தேதியிட்ட கடைசிக் கடிதம்தான் நீளமானது. சாவு நெருங்குவதை உணரும் நேரத்தில் மனதில் தெளிவாகப் படுவதைச் சொல்கிறேன் என்று தொடங்கி, டிரான்ஸ்வாலில் நீங்கள் செய்வதுதான் இன்று உலகில் நடக்கும் மிக முக்கியமான வேலை என்கிறார். காந்தி அதை 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டது நவம்பர் 26. டால்ஸ்டாய் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

சென்னைக்கும் எழுதியிருக்கிறாரா?

ஆம். 1901இல் சென்னையிலிருந்து வந்த 'ஆர்யா' இதழின் ஆசிரியர் அ. ராமசேஷனுக்கு ஒரு கடிதம் உண்டு. காந்தி கடிதங்களுக்கு எட்டு ஆண்டு முந்தையது. நம் ஊரில் இதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும்.

வீட்டைவிட்டு வெளியேறியதற்கும் கடிதங்களுக்கும் தொடர்பு உண்டா?

ஒரு கடிதத்தையாவது சொல்ல வேண்டும். 1910 பிப்ரவரியில் கீவ் நகரத்து மாணவர் ஒருவர் எழுதினார்: சொத்தை விடுங்கள், ஒரு காசு இல்லாமல் ஊர் ஊராகப் போங்கள். டால்ஸ்டாய் கோபப்படவில்லை. உங்கள் கடிதம் என்னை ஆழமாகத் தொட்டது, நீங்கள் சொல்வதுதான் என் நெடுநாள் கனவு, இதுவரை முடியவில்லை என்று பதில் எழுதினார். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில், அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 28ஆம் தேதி விடியுமுன், மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு மக்கோவிட்ஸ்கியோடு கிளம்பினார். அஸ்தாபொவோ ரயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டில் நிமோனியாவோடு படுத்திருந்தபோதும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எய்ல்மர் மாடுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். அது பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

இவற்றைப் படிக்க விரும்பினால் எதில் தொடங்கலாம்?

காந்தியோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் தொடங்குங்கள். சிறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம், நமக்கு நெருக்கமானது. அப்புறம் 'ஓர் இந்துவுக்கு' கடிதம். அவருடைய அன்றாடம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டுமானால் புல்ககோவின் 1910ஆம் ஆண்டு நாட்குறிப்பு. காலைத் தபாலில் என்ன வந்தது, கிழவர் உறைமேல் என்ன எழுதினார், யாருக்கு என்ன பதில் போனது என்று அந்த இளைஞர் நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போது சோஃபியாவின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளை இருவரும் எவ்வளவு வேறாகப் பார்த்தார்கள் என்பது அப்போது தெரியும்.